ரூன் எழுத்துகள்: மந்திரத்துக்காகப் பிறந்தவையா, அன்றாடத்துக்காகப் பிறந்தவையா?

ஆதிரை

புளூடூத் சின்னத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அது டென்மார்க் மன்னன் ஹரால்ட் புளூடூத்தின் பெயரிலுள்ள முதலெழுத்துகளை, அதாவது இரண்டு ரூன்களை (ஜெர்மானிய மக்களின் பழைய எழுத்துகளை), ஒன்றாகப் பிணைத்து வரைந்தது என்று சொல்லியிருந்தேன். அதற்குக் கல்தச்சன், "ரூன் என்பதும் மற்ற எழுத்துகளைப் போல வெறும் எழுத்துதான், அதில் மர்மம் எதுவும் இல்லை" என்று பதில் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

ஜெர்மானிய இனக்குழுக்கள் ரூன்களை முதலில் கையில் எடுத்தது சடங்குக்கும் மந்திரத்துக்கும்தான் என்பது என் கருத்து. சேதி எழுதிக்கொள்வதெல்லாம் பின்னால் வந்த பழக்கம்.

ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவில் 1903-இல் கிடைத்த கில்வர் கல்லைப் பாருங்கள். காலம் ஏறக்குறைய கி.பி. 400. பழைய ஃபுதார்க் என்ற ரூன் எழுத்து வரிசையின் 24 எழுத்துகளும் வரிசையாக அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. கடைசி எழுத்தை அடுத்து மரக்கிளை மாதிரி ஒரு குறி. தனியாக ஒரு மூலையில் 'சுஎவுஸ்' என்று இடமிருந்து வலம் படித்தாலும் வலமிருந்து இடம் படித்தாலும் ஒன்றாகவே வரும் சொல். சேதி என்று எதுவும் இல்லை. கல் கிடந்தது ஒரு கல்லறையில், எழுத்துள்ள முகம் இறந்தவரைப் பார்த்தபடி. மண்ணை மூடிய பிறகு அதைப் படிக்கப்போவது யார்?

அடுத்தது லிண்ட்ஹோல்ம் எலும்புத் தாயத்து. தென் ஸ்வீடனில் கிடைத்தது. ஒரு பக்கம் வெட்டியவன் தன்னைப் பற்றிச் சொல்கிறான். மறுபக்கம் 'அ' என்ற எழுத்து எட்டு முறை, அப்புறம் வேறு சில எழுத்துகள் கூட்டம் கூட்டமாக, முடிவில் 'அலு' என்ற சொல். இந்த 'அலு' தங்கப் பதக்கங்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இது கணக்கும் இல்லை, கடிதமும் இல்லை.

பிளெகிங்கே பகுதியில் இன்றும் நிற்கும் ப்யோர்கெடோர்ப் கல் இதைவிட வெளிப்படை. ஆற்றல் மிக்க ரூன்களை இங்கே மறைத்து வைத்திருக்கிறேன், இதை உடைக்கிறவனுக்கு வஞ்சகச் சாவுதான் என்று சாபமே இடுகிறது. ரோமானிய எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர்கள் காய்க்கும் மரத்தின் கிளையை நறுக்கி, துண்டுகளில் குறிகள் இட்டு, வெள்ளைத் துணியில் இறைத்து, மூன்றை எடுத்துக் குறி சொல்வார்கள் என்கிறார். நார்ஸ் கடவுள் ஓடின் ஒன்பது இரவு மரத்தில் தொங்கி ரூன்களைப் பெற்ற கதை 'ஹாவமால்' என்ற பழைய நார்ஸ் பாடலில் வருகிறது. இத்தனையும் ஒரே திசையைத்தானே காட்டுகின்றன?

கல்தச்சன்

ஆதிரை, நீங்கள் சொன்ன கல்லும் எலும்பும் உண்மைதான். ஆனால் தொடக்கம் எது என்று கேட்டால் தொடக்கத்தில் உள்ளதை முதலில் பார்க்க வேண்டும். கி.பி. 400 தொடக்கம் இல்லை.

டென்மார்க்கின் ஃபூனென் தீவில் விமோஸ் என்ற சதுப்பு நிலம். அங்கே கிடைத்த ஒரு சீப்பு ஏறக்குறைய கி.பி. 160-ஐச் சேர்ந்தது. அதில் இருப்பது 'ஹர்யா' என்ற ஒரே சொல். ஆள் பெயர் என்றுதான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். தலை வாருகிற சீப்பில் ஒருவர் பெயர் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கி.பி. 200 வாக்கில் யூட்லாண்டின் இல்லெரூப் சதுப்பில் போட்ட போர்க்கருவிகளில் ஒரு கேடயக் கைப்பிடி: 'நிதியோ செய்தான்'. 'வாக்னியோ' என்ற பெயர் மூன்று ஈட்டிமுனைகளில் வருகிறது. இரண்டு இல்லெரூப்பில், ஒன்று விமோஸில். ஒரே பெயர் வெவ்வேறு இடங்களில் கிடைத்த ஆயுதங்களில் இருந்தால் அது பட்டறையின் முத்திரை என்றுதானே நினைப்போம்? செய்தவன் பெயர், வைத்திருப்பவன் பெயர், பொருளின் பெயர். முதல் இரு நூற்றாண்டுகளில் நம் கைக்கு வந்தவை பெரும்பாலும் இப்படித்தான்.

இங்கிலாந்தின் கேய்ஸ்டரில் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கணுக்கால் எலும்பு கிடைத்தது. அது ஒரு சிறு மானின் எலும்பு. அதில் எழுதியிருப்பதும் அந்த மானின் பெயரே. டென்மார்க்கின் காலெஹுஸ் தங்கக் கொம்பில், "நான் ஹ்லெவகாஸ்டிஸ், இந்தக் கொம்பைச் செய்தேன்" என்று தட்டான் எழுதி வைத்தான். அந்தக் கொம்பை 1802-இல் திருடி உருக்கிவிட்டார்கள். நம்மிடம் மிஞ்சியிருப்பது பழைய வரைபடங்கள்தான். நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

டாசிட்டஸ் சொல்வது குறிகள். எழுத்துகள் என்று அவர் சொல்லவே இல்லை. ஹாவமால் நமக்குக் கிடைத்த சுவடி 1270-ஐ ஒட்டியது. விமோஸ் சீப்புக்கும் அந்தச் சுவடிக்கும் நடுவே 1,100 ஆண்டுகள். அவ்வளவு பின்னால் வந்த, அதுவும் கிறிஸ்தவ ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ஒரு பாடலை வைத்து 2-ஆம் நூற்றாண்டுப் பட்டறைக்காரன் மனதைப் படிக்க முடியாது.

பரணி

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?

டென்மார்க் அறிஞர் லுட்விக் விம்மர் 1874-இல் லத்தீன்தான் மூலம் என்றார். பிறகு கிரேக்கம் என்று சிலர் வாதிட்டார்கள். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து வட இத்தாலிய எழுத்துகள் என்றும் ஒரு கட்சி உண்டு. அவர்கள் காட்டுவது ஸ்லோவேனியாவில் 1811-இல் கிடைத்த நெகாவ் தலைக்கவசங்களை. அதில் ஒன்றில் வட இத்தாலிய எழுத்தில் 'ஹரிகாஸ்டி' என்று ஒரு ஜெர்மானியப் பெயர் இருக்கிறது. ஆர், பி, ஹெச் போன்ற எழுத்துகளைப் பார்த்தால் லத்தீன் பக்கம் சாயத் தோன்றும். எந்தக் கட்சியில் நின்றாலும் ஒன்று உறுதி: தெற்கே ரோமானியரோடு வணிகமும் படைச் சேவையும் செய்த மக்கள், அங்கே எழுத்து என்ன வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள். ரோமானியப் படையில் வாளிலும் பாத்திரத்திலும் பெயர் பொறிப்பது சாதாரணம். அதைப் பார்த்துவிட்டு வந்தவன் தன் ஈட்டியில் பெயர் பொறிக்கிறான்.

ஆனால் ஒரு முடிச்சும் இருக்கிறது. மூலம் எதுவானாலும் வரிசையை ஏன் மாற்றினார்கள்? ஏ, பி, சி என்று வந்ததை எஃப், யு, 'த' ஒலி, ஏ, ஆர், கே என்று ஆக்கி, எட்டு எட்டாக மூன்று கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். வாட்ஸ்டேனா தங்கப் பதக்கத்தில் கி.பி. 500 வாக்கிலேயே அந்தப் பிரிவு தெரிகிறது. இதற்குக் கல்தச்சன் என்ன சொல்கிறார்?

கல்தச்சன்

வரிசை புதிது என்பது சரி. கடன் வாங்கியவர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் நான் எடுக்கமாட்டேன். மூன்று கூட்டம் மனப்பாடம் செய்ய வசதி.

நான் சொல்ல வந்த முக்கியமான இடம் நார்வேயின் பெர்கன். 1955-இல் அங்கே ப்ரிக்கன் துறைமுகப் பகுதி தீப்பற்றி எரிந்தது. பின்னர் அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து ரூன் வெட்டிய குச்சிகள் வரத் தொடங்கின. மொத்தம் 600-க்கு மேல். அதுவரை ரூன் என்றால் நினைவுக்கல், பதக்கம், ஆயுதம் என்று நினைத்தவர்கள் கணக்கை மாற்ற வேண்டியதாயிற்று. பைன் மரக் குச்சியை நாலு பக்கமும் சீவி, கத்தியால் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். பல குச்சிகள் வியாபாரம் பற்றியவை. மூட்டையில் கட்டித் தொங்கவிட்ட 'இன்னார் சரக்கு' என்ற சீட்டுகள். தோரிர் என்பவன் தன் வியாபாரப் பங்காளி ஹாஃப்கிரிமுக்கு எழுதுகிறான்: கடவுள் ஆசி சொல்லிவிட்டு, எனக்கு நிலைமை சரியில்லை பங்காளி, பீரும் கிடைக்கவில்லை மீனும் இல்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன், வற்புறுத்தாதே என்கிறான். இன்னொரு குச்சியில் "கண்ணே, எனக்கொரு முத்தம் கொடு". இன்னொன்றில் "க்யூதா உன்னை வீட்டுக்கு வரச் சொல்கிறாள்". அதன் மறுபக்கம் யாரோ பதில் வெட்டப் பார்த்திருக்கிறார், எழுத்து சிதைந்து பொருள் புரியவில்லை. சாராயக்கடையில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு வீட்டிலிருந்து போன சேதி என்று ஊகிக்கிறார்கள்.

எழுத்தைப் பூசாரி வைத்திருக்கும் சமுதாயத்தில் இப்படி நடக்காது.

ஆதிரை

கல்தச்சன், நீங்களே கால இடைவெளியைக் காட்டி ஹாவமாலைத் தள்ளினீர்கள். ப்ரிக்கன் குச்சிகள் 12 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை. விமோஸ் சீப்புக்கும் அவற்றுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இருக்கிறதே? அப்போது பெர்கன் ஒரு கிறிஸ்தவத் துறைமுகம். லத்தீன் கடிதப் பழக்கம் அங்கே வேரூன்றிய பிறகு பிறந்த பயன்பாடு அது. பாடலுக்கு ஒரு நியாயம், குச்சிக்கு ஒரு நியாயமா?

அது இருக்கட்டும். அதே ப்ரிக்கனில் கிடைத்த இன்னொரு குச்சியை நீங்கள் சொல்லவே இல்லை. "நிவாரண ரூன்களை வெட்டுகிறேன், காப்பு ரூன்களை வெட்டுகிறேன், எல்ஃபுகளுக்கு எதிராக ஒருமுறை, ட்ரோல்களுக்கு எதிராக இருமுறை" என்று போகிறது அது. ஒரு பெண்ணை வசப்படுத்த வெட்டிய மந்திரம் என்று படிக்கிறார்கள். வியாபாரத் துறைமுகத்தின் நடுவிலேயே அந்த நினைவு சாகவில்லை.

நடுக்காலத்திலும் சான்று உண்டு. டென்மார்க்கின் ரீபே ஊரில் கிடைத்த மண்டையோட்டுத் துண்டு ஏறக்குறைய கி.பி. 725. அதில் ஓடினின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது, ஒரு துளையும் போட்டிருக்கிறார்கள். வலிக்கு எதிரான உதவி கேட்பதாகத்தான் அறிஞர்கள் படிக்கிறார்கள். சிக்டூனாவில் கிடைத்த 11-ஆம் நூற்றாண்டுச் செப்புத் தகட்டில், காயத்தில் வரும் காய்ச்சலைப் பேயாகப் பாவித்து "ஓடிப்போ, உன்னைக் கண்டுபிடித்துவிட்டோம்" என்று விரட்டுகிறார்கள். 400, 725, 1000, 1300. இந்த இழை ஒரு நூற்றாண்டிலும் அறுந்ததில்லை.

ஓலைச்சுவடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒரு பையில் 25 கற்கள் போட்டு, எதிர்காலம் சொல்லும் ரூன் என்று இணையத்தில் விற்கிறார்களே, அதற்கும் நீங்கள் பேசுவதற்கும் தொடர்பு உண்டா? நாஜிகளின் எஸ்எஸ் சின்னமும் ரூன்தானே?

கல்தச்சன்

ஓலைச்சுவடி, நான் இவ்வளவு அழுத்தமாகப் பேசுவதற்கு நீங்கள் கேட்டதும் ஒரு காரணம். பழைய ஃபுதார்க்கில் 24 எழுத்துதான். அந்த 25-ஆவது வெற்றுக் கல் 1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு குறிசொல்லும் நூலோடு பரவியது. அதற்கு எந்தக் கல்வெட்டுச் சான்றும் கிடையாது. அதற்கும் முன்னால் வியன்னாவில் கீடோ ஃபான் லிஸ்ட் என்பவர் 1902-இல் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில மாதம் பார்வையின்றி இருந்தபோது தமக்கு ரூன்களின் ரகசியம் வெளிப்பட்டது என்றார். 1908-இல் 18 ரூன்கள் கொண்ட ஒரு வரிசையை நூலாக வெளியிட்டார். எந்தக் காலத்திலும் எந்த மக்களும் அப்படி ஒரு வரிசையைப் பயன்படுத்தவில்லை. ஹாவமாலில் ஓடின் 18 மந்திரம் சொல்கிறான், அதற்குப் பொருந்தும்படி எண்ணிக்கையை அமைத்தார், அவ்வளவுதான். ஆரிய இனப்பெருமைக் கூட்டங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஹிம்லரின் எஸ்எஸ் படைச் சின்னம் அந்தச் சரக்கிலிருந்து வந்தது. அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது இன்று ஜெர்மனியில் குற்றம்.

சீப்பில் பெயர் எழுதியவனின் எழுத்தைக் கொலைகாரர்கள் தங்கள் காலரில் குத்திக்கொண்டார்கள். 'மர்ம எழுத்து' என்ற கதை இல்லாவிட்டால் அது அவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

ஆதிரை

ஃபான் லிஸ்ட் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. அவர் செய்தது புனைவு, அவரைப் பிடித்துக்கொண்டவர்கள் செய்தது கொடுமை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் ஒருவர் பொய் சொன்னதால் ப்யோர்கெடோர்ப் சாபக் கல் சந்தைக் கணக்காக மாறிவிடாது. பழங்காலச் சடங்கைப் பற்றிப் பேசினாலே அந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால், உண்மையில் இருந்ததைப் பேசும் வாயையும் அடைத்துவிடுவோம்.

என் கேள்விக்கு வாருங்கள். முதல் 500 ஆண்டுகளில் ஒரு கடிதம் காட்டுங்கள்.

கல்தச்சன்

காட்டுகிறேன். ஜெர்மனியின் தென்மேற்கே நாய்டிங்கன் என்ற ஊர். 6-ஆம் நூற்றாண்டுக் கல்லறையில் ஒரு மரத்துண்டு கிடைத்தது, தறியின் பகுதி என்று கருதுகிறார்கள். அதில் இருப்பது: அன்பு, இமூபாவிடமிருந்து ஹமாலுக்கு. அதோடு, ப்ளித்குத் இந்த ரூன்களை வெட்டினாள். ப்ளித்குத் பெண் பெயர். நெய்கிற கருவியில் ஒரு பெண் உட்கார்ந்து அன்பை எழுதியிருக்கிறாள். பூசாரி இல்லை, சடங்கு இல்லை.

இரண்டாவது சான்று வெளியிலிருந்து வருகிறது. அதே 6-ஆம் நூற்றாண்டில் லத்தீன் கவிஞர் வெனான்டியஸ் ஃபோர்ச்சுனாடஸ், கடிதம் போடாத நண்பர் ஒருவரைக் கடிந்துகொண்டு எழுதுகிறார்: லத்தீன் வேண்டாமென்றால் வேறு எந்த எழுத்திலாவது எழுது, பார்பாரியர்களின் ரூனை அஷ் மரப் பலகையில் தீட்டு, பாப்பிரஸ் செய்கிற வேலையைச் சீவிய குச்சியும் செய்யும் என்கிறார். ப்ரிக்கனுக்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே சீவிய குச்சியில் ரூன் கடிதம் என்பது ஒரு ரோமானியக் கவிஞருக்குத் தெரிந்த செய்தி. குச்சிகள் அடுப்பில் எரிந்து போயின, கல் மிஞ்சியது. மிஞ்சியதை வைத்து மட்டும் எழுத்தின் குணத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

சாபத்துக்கும் பதில் சொல்கிறேன். இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து ரோமானியர் காலத்து ஈயத் தகடுகள் 130 எடுத்தார்கள். பெரும்பாலும் சாபங்கள். என் மேலாடையைத் திருடியவன் நாசமாகப் போகட்டும் என்று சூலிஸ் மினெர்வா தேவிக்கு மனு. ஏறக்குறைய அத்தனையும் லத்தீனில். அதனால் லத்தீனை மந்திர எழுத்து என்று யாரும் சொல்கிறோமா? எழுதத் தெரிந்தவர்கள் சாபத்தையும் எழுதுவார்கள்.

ஆதிரை

நாய்டிங்கன் நல்ல சான்று, மறுக்கமாட்டேன். ஆனால் அது ஒரு வரி அன்பளிப்பு வாசகம், கடிதம் இல்லை. கல்லறையில் வைத்த பொருளும்கூட. ஃபோர்ச்சுனாடஸ் நண்பரைக் கிண்டல் செய்கிறார். அதே மூச்சில் ஹீப்ரு, பாரசீகம் என்றும் அடுக்குகிறார்.

மரம் அழிந்தது என்ற வாதத்தில் எனக்கு இன்னொரு தடை இருக்கிறது. விமோஸும் இல்லெரூப்பும் சதுப்பு நிலங்கள். அங்கே மரம் அழியவில்லை. விமோஸில் ரூன் எழுதிய மர இழைப்புளியே கிடைத்திருக்கிறது. அவ்வளவு மரப்பொருள் பிழைத்த இடத்தில் ஒரு கடிதக் குச்சி, ஒரு கணக்குக் குச்சிகூடக் கிடைக்கவில்லையே?

கல்தச்சன்

அந்தச் சதுப்புகளில் போட்டது தோற்ற படையின் ஆயுதமும் உடைமையும். வென்றவர்கள் உடைத்து வளைத்துத் தண்ணீரில் வீசினார்கள். அங்கே வீட்டுக் குப்பை இல்லை, கடைத்தெருக் குப்பை இல்லை. ப்ரிக்கன் குச்சிகள் கிடைத்ததே துறைமுகக் குப்பையில்தான். ஈட்டி வீசிய இடத்தில் மீன் கணக்கைத் தேடுவதில் பயனில்லை. அந்த இழைப்புளியை நீங்களே சொன்னதற்கு நன்றி. தச்சன் கருவியில் எழுத்து.

இன்னொன்று சேர்க்கிறேன். 24 எழுத்தும் மூன்று எட்டும் புனிதம் என்றால் அவற்றில் கை வைத்திருக்க மாட்டார்கள். 8-ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவில் எட்டு எழுத்தைக் கழித்து 16 ஆக்கினார்கள். மொழியில் உயிரொலிகள் பெருகிக்கொண்டிருந்த நேரத்தில் எழுத்தைக் குறைத்தார்கள், ஒரே எழுத்து பல ஒலிக்கு நின்றது. எழுதுகிறவனுக்கு வேகம், படிக்கிறவனுக்குச் சிரமம். இங்கிலாந்தில் நேர் எதிராக, ஆங்கில ஒலிகளுக்கு ஏற்ப எழுத்தைக் கூட்டினார்கள். தேம்ஸ் ஆற்றில் கிடைத்த பெயக்நோத் கத்தியில் 28 எழுத்து இருக்கிறது. இன்றைய ஸ்காட்லாந்திலுள்ள ருத்வெல் சிலுவைத் தூணில் கிறிஸ்துவின் பாடுகளைப் பாடும் ஆங்கிலக் கவிதையை அந்த ரூன்களில்தான் வெட்டினார்கள். அந்தந்த ஊர் தன் தேவைக்கு வெட்டிக் குறைத்துக் கூட்டிக்கொண்ட எழுத்து இது.

ஆதிரை

நீங்கள் சொன்ன அதே 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு எழுத்து போனது, மூன்று கூட்டம் போகவில்லை. ஆறு, ஐந்து, ஐந்து என்று மறுபடி மூன்றாகவே பிரித்தார்கள். வரிசையின் தொடக்கமும் மாறவில்லை. எழுத்துகளின் பெயர்களையும் பெருமளவு காப்பாற்றினார்கள். வெறும் வசதிக்காக என்றால் 16-ஐ நான்கு நான்காகப் பிரிப்பது இன்னும் எளிது. அந்தக் கூட்ட எண்ணையும் அதற்குள் எழுத்தின் இடத்தையும் வைத்துச் சங்கேதம் எழுதினார்கள். ஸ்வீடனின் ரோக் கல்லில், கி.பி. 800 வாக்கில், மகனை இழந்த வாரின் என்பவன் 760 எழுத்துகள் வெட்டியிருக்கிறான். மிக நீளமான ரூன் கல்வெட்டு அதுதான். அதில் ஒரு பகுதியை வேண்டுமென்றே சங்கேதத்தில் மறைத்திருக்கிறான். மகனுக்கு நினைவுக்கல் வைக்கிறவன் ஏன் மறைக்க வேண்டும்? எல்லோரும் படிக்க அவன் எழுதவில்லை.

பரணி

ரோக் கல் ஒரு கல்விமானின் வேலை. ஐந்து பக்கமும் எழுதி நிறுத்தியிருக்கிறான். படிக்கவே நிறுத்தினான், ஆனால் புரிந்துகொள்ள உழைக்க வேண்டும் என்று நினைத்தான். புதிர் போடுவதும் கவிதைப் பண்பாட்டின் பகுதிதான். சங்கேதம் என்றாலே மந்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிதாக வந்த சான்று இரண்டு பேருக்குமே சங்கடம். நார்வேயில் 2021-இல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த ஸ்விங்கெருட் கல். காலம் கி.பி. 1-க்கும் 250-க்கும் இடையே என்று 2023-இல் அறிவித்தார்கள். உலகில் காலம் கணிக்கப்பட்ட ரூன் கற்களில் பழையது என்று இதைச் சொல்கிறார்கள். 'இடிபெருக்' என்று படிக்கும்படி எட்டு எழுத்து தெளிவாக இருக்கிறது. ஒரு பெயராக இருக்கலாம் என்கிறார்கள். பக்கத்தில் ஃபுதார்க்கின் முதல் மூன்று எழுத்துகள். சுற்றிலும் கட்டங்கள், வளைகோடுகள், எழுத்து மாதிரி இருந்தும் எழுத்தாகாத கீறல்கள்.

கல்தச்சன்

எனக்கு அதில் சங்கடமே இல்லை. முதல் மூன்று எழுத்தை எழுதிப் பார்த்து, ஒரு பெயரை எழுதி, மிச்ச இடத்தில் கீறியிருக்கிறார்கள். எழுதப் பழகுகிற கை அது.

ஆதிரை

பழகுகிற கை என்றால் அந்தக் கல் ஏன் சாம்பலோடும் கரித்த எலும்போடும் ஒரு குழியில் இருக்கிறது? வீட்டு முற்றத்தில் கிடந்திருந்தால் உங்கள் பக்கம் வந்திருப்பேன்.